விளக்கு எரிகிற வரைக்கும்

என் ஆய்வேட்டின் தலைப்பு 'ஆங்கில, லிதுவேனிய வட்டார வழக்குகள்: ஓர் ஒப்பீடு'. நாற்பது பக்கத்துக்குக் குறையக் கூடாது என்பது துறையின் விதி. தலைப்பைக் கேட்டவுடன் யாரும் தூங்கிவிட வேண்டாம். இதில் ஒரு சாவு இருக்கிறது.

என் வழிகாட்டி கிராஜினா அம்மையார் வில்னியஸில் முப்பது வருடமாக வட்டார வழக்கு கற்பிக்கிறவர். "புத்தகத்துலேருந்து எடுக்காதே வைதோதாஸ். சனங்க வாயிலேருந்து எடுத்துட்டு வா" என்றார். வாய்கள் இங்கிலாந்தில் இருந்தன. பல்கலைக்கழகம் யாரையும் இங்கிலாந்துக்கு அனுப்புவதில்லை. உருளைக்கிழங்கு வேலைதான் அனுப்புகிறது. எங்கள் நாட்டு இளவட்டங்களில் ஒரு பெரும்பகுதி அந்த வழியாகப் போனதுதான். நானும் கோடை விடுமுறைக்கு, யார்க்‌ஷயரின் கிழக்குக் கோடியில் ஒரு கிழங்கு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தேன். மேசையைப் போலத் தட்டையான நிலம், அதன் நடுவில் ஆலை, ஆலைக்குப் பின்னால் எங்கள் ஆட்கள் ஆறு பேருக்கு ஒரு வீடு. காலணிப் பெட்டி நிறைய வெற்று அட்டைகள் கொண்டுபோயிருந்தேன். ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை.

லிதுவேனியப் பாதிக்கு நான் வீட்டை விட்டு வெளியே போகவே வேண்டியிருக்கவில்லை. என் அறையின் மற்றக் கட்டிலில் லியுத்விகாஸ் இருந்தார். ஐம்பத்திரண்டு வயது, புலுங்கே பக்கத்துக் கிராமம், கலப்பில்லாத ஜெமைதியாக்காரர், எங்கள் நாட்டின் மேற்கு வட்டாரத்து ஆள். நாங்கள் துவோனா என்கிற ரொட்டி அவருக்குத் தௌனா. அவர் ஊரிலிருந்து மேற்கே கடற்கரைக்குப் போனால் அதே ரொட்டி தோனா, தெற்கே இறங்கினால் தூனா. ஜெமைதியாவில் பசியெடுத்தால் எங்கே நிற்கிறோம் என்று பார்த்துக்கொண்டுதான் வாய் திறக்க வேண்டும். ஜெமைதியாக்காரன் காளையைவிடப் பிடிவாதக்காரன் என்றும் எங்கள் நாட்டில் சொல்வார்கள். ஜெமைதியாக்காரர்களும் சொல்வார்கள், பெருமையாக.

"இந்தச் சொல்லெல்லாம் எதுக்குலே ஒனக்கு?" என்று முதல் வாரமே கேட்டார்.

"ஆராய்ச்சிக்கு, மாமா."

"நாங்க பேசுதத எழுதிக் குடுத்தா பட்டம் குடுப்பானா?"

"குடுப்பாங்க."

"அப்போ பேசுதவனுக்கு என்ன குடுப்பான்?"

நியாயமான கேள்வி. சொல்லுக்கு ஒரு சிகரெட் என்று ஒப்பந்தம் ஆனது. மூன்றாம் வாரத்தில், என் சிகரெட்டுக்காக அவர் சொற்களைச் சொந்தமாகத் தயாரிக்கிறாரோ என்று சந்தேகம் வந்தது. அட்டை 44, ஈரக் காலுறையைக் கழற்றும்போது வரும் ஓசைக்கான சொல், இன்றுவரை வேறு எந்த ஆய்வாளருக்கும் கிடைக்கவில்லை.

ஆங்கிலப் பாதிக்கு மேற்பார்வையாளர் தாக்ரே இருந்தார். ஆறடி உயரம், முன்கையில் பச்சை குத்திய நங்கூரம். சொற்களுக்கு நடுவில் இருப்பதையெல்லாம் விழுங்கிவிடுவார். என்னையும், லியுத்விகாஸையும், கிழங்கு ஏற்றிவரும் லாரிக்காரரையும் ஒரே மாதிரி 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார். அங்கே ஆண்கள் ஆண்களை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அதற்கு ஓர் அட்டை போட்டு வைத்திருந்தேன்.

"என்னயப் போயி கண்ணுங்குதான்" என்றார் லியுத்விகாஸ் முதல் நாள். "இருவத்தாறு வருசத்துல எம் பொண்டாட்டி ஒருதடவகூடச் சொன்னதில்ல. இவன் காலையில ஆறு மணிக்கே சொல்லுதான்."

ஆனால் இரண்டாம் வாரத்தில் அவரும் தாக்ரேயைப் பதிலுக்குக் கண்ணு என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அவருக்குத் தெரிந்த நாலு ஆங்கிலச் சொற்களில் அதுவும் ஒன்று.

ஜூலையில் ஒரு திங்கட்கிழமை எங்கள் ஆட்களைக் கழுவும் கொட்டகைக்கு மாற்றினார்கள். அங்கே லாரி நீளத்துக்கு ஓர் இரும்பு உருளை. கிழங்கும் தண்ணீரும் அதற்குள் சேர்ந்து சுழலும். வயலிலிருந்து வரும் கல் எங்காவது சிக்கினால் எந்திரத்தை நிறுத்தி, பக்கவாட்டுக் கதவைத் திறந்து, ஒருவர் உள்ளே இறங்கி எடுக்க வேண்டும். பொத்தானை அமுக்கினால் உருளை நின்றுவிடும். ஆனால் அத்தோடு முடியாது. தேங்கிய தண்ணீரைக் கொட்டுவதற்காக இரண்டு நிமிடம் கழித்து அது தானாக ஒரு முழுச் சுற்று சுற்றும். அதற்குப் பிறகுதான் பூட்டு விழும். பூட்டு விழுந்ததற்கு அடையாளமாகக் கதவுக்கு மேலே மஞ்சள் விளக்கு எரியும். எரிந்தால் உள்ளே போகலாம்.

இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும்.

அன்று தாக்ரே எந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே கத்திச் சொன்னது இவ்வளவுதான்: "மேல வெளக்கு இருக்கு பாரு. வெளக்கு எரியுற வரைக்கும் உள்ள போகாதே, கண்ணு. உன் ஆளுங்களுக்கு உங்க பாஷையில எழுதி ஒட்டிடு."

'வரைக்கும்' என்ற இடத்தில் அவர் சொன்ன சொல் 'வைல்'. புத்தக ஆங்கிலத்தில் அதற்கு, ஒன்று நடந்துகொண்டிருக்கிற நேரம் முழுவதும் என்று பொருள். யார்க்‌ஷயரில், ஒன்று நடக்கத் தொடங்குகிற நேரம்வரை என்றும் பொருள் உண்டு. விளக்கு எரியத் தொடங்கும்வரை பொறுத்திரு என்றார் அவர். விளக்கு எரிந்துகொண்டிருந்தால் ஆபத்து, போகாதே என்று நான் எடுத்துக்கொண்டேன். எங்கள் மொழியிலும் இப்படி இரண்டு பக்கமும் சாயும் ஒரு சொல் இருக்கிறது, 'கோல்'. பக்கத்தில் வரும் வினையை வைத்துத்தான் எந்தப் பக்கம் என்று தெரியும். வினையை நான் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போட்டேன். பெரிய எழுத்தில், பிழையில்லாமல் எழுதி, கதவில் ஒட்டினேன்:

விளக்கு எரிந்துகொண்டிருக்கும் வரை உள்ளே நுழையாதே.

தேநீர் இடைவேளையில் லியுத்விகாஸ் அதன் முன்னால் நின்று வாசித்தார். பிறகு கொட்டகைக்குப் பின்னால் நான் இருந்த இடத்துக்கு வந்தார். வேறு யாரும் அங்கே இல்லை.

"ஏலே, அதுல ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க மாமா."

"வெளக்கு எரியுத வரைக்குமா, எரிய ஆரம்பிக்குத வரைக்குமா?"

அவர் சொன்னது 'கோல்' இல்லை, 'குவோல்'. உதட்டைக் குவித்து, உள்ளே ஒரு சுழி சுழித்து வந்தது. அந்தச் சுழியைப் பற்றி நூலில் படித்திருந்தேன். உயிருள்ள சாட்சி மட்டும் கிடைக்காமல் இருந்தது. மூன்று வாரமாக அதற்காகத்தான் அவரைத் தொழுவம், மழை, மாமியார் என்று பேசவைத்துக்கொண்டிருந்தேன். இப்போது கேட்காமலே வந்து விழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னொரு தடவ சொல்லுங்க மாமா."

"வெளக்கு எரியுத வரைக்குமான்னு கேக்குதேன். சிரிக்காத. அந்தாளு மேல பாத்தத நீ கவனிச்சியா? பஸ்ஸு வருதான்னு பாக்குதவன் மாதிரில்லா பாத்தான். எரியட்டும், எரியட்டும்னு காத்துக்கிட்டு இருக்குதவன் மாதிரி."

"மாமா, குவோல நீங்க பாத்துக்கோங்க. இங்கிலீஷ நான் பாத்துக்கிறேன்."

"அதுவும் சரிதான். படிச்ச பய நீ" என்று சிகரெட்டை வாங்கிக்கொண்டு போனார். அட்டை 61. தேதி, இடம், தகவலாளி: லி., ஆண், 52.

வியாழக்கிழமை காலை பத்தரைக்குக் கல் சிக்கியது. நான் கொட்டகையின் மறுகோடியில் பெட்டிகள் அடுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவர்கள் பிறகு சொன்னது: லியுத்விகாஸ் பொத்தானை அமுக்கினார். உருளை நின்றது. அறிவிப்பின் மேல் விரலை ஓட்டி இன்னொரு முறை வாசித்தார். நிமிர்ந்து விளக்கைப் பார்த்தார். அது எரியவில்லை. அறிவிப்பின்படி போக வேண்டிய நேரம் அதுதான். கதவைத் திறந்து இறங்கினார்.

உருளை ஒரே ஒரு சுற்று சுற்றியது. பிறகு பூட்டு விழுந்தது, மஞ்சள் விளக்கு எரிந்தது.

மறுநாள் ஆலை ஓடவில்லை. தேநீர் அறையில் தாக்ரே தனியாக உட்கார்ந்திருந்தார். முன்னால் இருந்த கோப்பையில் தேநீர் ஆடை கட்டிப்போயிருந்தது. அவர் சவரம் செய்திருக்கவில்லை.

"வீட்டுக்குப் போ, கண்ணு" என்றார். "போலீஸ்காரங்க மத்தியானம் வைல் இங்கதான் இருப்பாங்க."

மத்தியானம் வரைக்கும். மத்தியானம் நடந்துகொண்டிருக்கிற நேரம் முழுவதும் அல்ல.

அந்தச் சொல் எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. இரண்டாம் ஆண்டுத் தேர்வில் நாலாவது கேள்வி: வட இங்கிலாந்து வழக்கில் 'வைல்' என்னும் சொல்லின் இரு பொருள்களை எடுத்துக்காட்டுடன் விளக்குக. பத்துக்குப் பத்து வாங்கியிருந்தேன். ஓரத்தில் கிராஜினா அம்மையார் 'அருமை' என்று எழுதியிருந்தார்.

வீட்டுக்குப் போகாமல் கொட்டகைக்குப் போனேன். கதவில் அறிவிப்பு இல்லை. நாலு மூலையிலும் ஒட்டுநாடா மட்டும் இருந்தது. போலீஸ் படம் எடுத்து, உரித்து, உறையில் போட்டுக் கொண்டுபோயிருந்தது. யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. லியுத்விகாஸின் கட்டிலை இரண்டு பேர் வந்து மடக்கி எடுத்துப்போனார்கள். ஆகஸ்டில் வில்னியஸ் திரும்பி, ஆய்வேட்டின் உயிரொலி அத்தியாயத்தை எழுத ஆரம்பித்தேன். வைலும் கோலும் வரும் வினையடை அத்தியாயத்துக்குப் போகாமல் ஐந்து மாதம் உயிரொலியிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். என் ஆழத்தை அம்மையார் பாராட்டினார்.

ஜனவரியில் ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"வைதோதாஸ் நீதான? அப்பா கூடத் தங்கியிருந்த பையன்?"

லியுத்விகாஸின் மகள் லிகிதா. புலுங்கேயில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. தகப்பனுடைய அதே சுழி.

"பிப்ரவரியில அங்க விசாரணயாம். ஒன்னையும் சாட்சிக்குக் கூப்புட்டிருக்காங்கன்னு சொன்னாங்க. நானும் வாரேன். எனக்கு அந்த ஊருல ஒருத்தரையும் தெரியாது."

"வாங்க. நான் கூட இருக்கேன்."

"ஊருல என்ன பேசுதாங்க தெரியுமா? லியுத்விகாஸ் குடிச்சிட்டு மிஷினுக்குள்ள எறங்கிட்டாம்னு. எங்க சாமியாரு மட்டும் அப்படிச் சொல்லல. அவரு பிடிவாதம்னு சொல்லுதாரு. போவாதன்னு எழுதிப் போட்டிருந்துச்சாம், இவரு போயிட்டாராம். அம்மா கடைக்குப் போறதயே விட்டுட்டா. அங்க முடிவுல ஒரு தாளு குடுப்பாங்கல்லா, அதுல என்ன எழுதியிருக்கோ அதத்தான் ஊரு நம்பும். அதுல அப்பா பேரு கெட்டுப்போவக்கூடாது. எனக்கு அது ஒண்ணுதான்."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். நான் சரி என்றேன்.

விசாரணை அந்த ஊர் நகர மண்டபத்தின் மாடி அறையில் நடந்தது. மரண விசாரணை அதிகாரி அதே ஊரில் பிறந்து வளர்ந்த அம்மாள். நடுவர்கள் ஒன்பது பேர், எல்லோரும் உள்ளூர். ஒருவர் கசாப்புக்கடைக்காரர், ஒருவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், மற்றவர்களும் அந்த மாதிரி. குடும்பத்துக்காக லண்டனிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்திருந்தார், எங்கள் நாட்டுப் பெண்மணி, சான்றிதழ் பெற்றவர், சாம்பல் நிறச் சட்டை, பேச்சில் ஒரு மடிப்புக்கூட இல்லை.

முதலில் மருத்துவர். இறந்தவரின் ரத்தத்தில் மது இல்லை என்றார். லிகிதா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அடுத்து தாக்ரே. ஏழு மாதத்தில் அவருக்குப் பத்து வயது கூடியிருந்தது. தான் சொன்னதைச் சொன்னார். அடுத்து நான்.

"திரு. தாக்ரே சொன்னதைத்தான் எழுதினீர்களா?"

"ஆமாம்."

சத்தியம் செய்துவிட்டுத்தான் சொன்னேன். பொய் என்றும் சொல்ல முடியாது. அவர் சொன்ன சொல் வைல், நான் எழுதிய கோலும் வைல்தான்.

பிறகு அறிவிப்பின் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் காட்டினார்கள். மொழிபெயர்ப்பாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை ஆங்கிலத்தில் வாசித்தார். வைல் என்ற சொல்லைத்தான் போட்டார். வேறு எதைப் போடுவார், புத்தக ஆங்கிலத்தில் அதுதான் சரி.

"விளக்கு எரியும் வரை உள்ளே நுழையாதே" என்றார். "மொழி நன்றாக இருக்கிறது. எழுத்துப்பிழை இல்லை."

அதிகாரி தாக்ரேயைப் பார்த்தார். "நீங்க சொன்னது இதுதானா?"

"இதேதான். ஒரு சொல்லுகூட மாறல."

ஒன்பது பேரும் தலையாட்டினார்கள். ஒன்பது பேர் காதிலும் அது, விளக்கு எரியத் தொடங்கும்வரை என்றுதான் விழுந்தது. ஆங்கிலத்திலிருந்து லிதுவேனியத்துக்கு வந்தபோது பிறந்த பிழை, திரும்ப ஆங்கிலத்துக்குப் போனதும் தடயமில்லாமல் செத்துவிட்டது. ஒப்பீட்டு மொழியியலில் இவ்வளவு சுத்தமான வேலையை நான் பார்த்ததில்லை.

"அப்படின்னா தெளிவான எச்சரிக்கை இருந்திருக்கு" என்றார் அதிகாரி. "அவருக்குப் புரியுற மொழியிலயே இருந்திருக்கு. சாப்பாட்டுக்கு அப்புறம் முடிச்சுடலாம்." மொழிபெயர்ப்பாளர் அதை லிகிதாவின் காதருகே சொன்னார். எச்சரிக்கையை மீறி என்ற சொல்லையும் அவரே சேர்த்துக்கொண்டார், சுருக்கத்துக்காக.

நடைகூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்தோம். லிகிதா பையிலிருந்து கறுப்பு ரொட்டியும் புகைபோட்ட பன்றிக் கொழுப்பும் எடுத்து, மடியில் துணி விரித்து வெட்டினாள். எனக்கு ஒரு துண்டு கொடுத்தாள். குடும்பத்துக்குக் கொடுத்த காகிதங்களில் அறிவிப்பின் படமும் இருந்தது. அதை எடுத்து முழங்காலில் வைத்து வாசித்தாள்.

"அப்பா போவும்போது வெளக்கு எரிஞ்சிக்கிட்டு இருந்துச்சா?"

"இல்ல."

"அணைஞ்சிருந்துச்சா?"

"அணைஞ்சிருந்துச்சு."

"அப்போ இதுல எழுதுனபடிதான போயிருக்காரு. எத மீறுனாரு?"

நான் ரொட்டியை மென்றுகொண்டே இருந்தேன். விழுங்கினால் பேச வேண்டியிருக்கும்.

"ஒன்னத்தான் கேக்குதேன். நீ படிச்சவன். எத மீறுனாரு?"

"ஒண்ணையும் மீறல."

"பொறவு?"

சொன்னேன். ஏழு மாதம் சொல்லாமல் வைத்திருந்ததற்கு நாலு வாக்கியம் போதுமாக இருந்தது. தாக்ரே சொன்னது என்ன, நான் எழுதியது என்ன, விளக்கு எதற்கு, உள்ளே இருக்கிற ஒன்பது பேரும் ஏன் தலையாட்டினார்கள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்தியைத் துணியில் துடைத்து மடக்கினாள்.

"இது ஒனக்கு எப்போ தெரியும்?"

"மறுநாளே."

"மறுநாளே" என்றாள் அவளும், அந்தச் சொல்லுக்குப் பொருள் பார்க்கிறவள்போல. பிறகு எழுந்தாள். "உள்ள போயி இத அவங்க பாஷையில சொல்லு."

"சொன்னா..."

"சொன்னா என்ன? மார்க்கு கொறஞ்சிருமா?"

போனேன். மீண்டும் சாட்சி சொல்ல வேண்டும் என்று கேட்டேன். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

"அறிவிப்பு தப்புங்க. நான் எழுதினது தப்பு."

"மொழிபெயர்ப்பாளர் சரின்னு சொன்னாங்களே."

"அவங்க சொன்னதும் சரிதாங்க."

நடுவர்களில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "தம்பி, இங்க ஒருத்தர் செத்திருக்கார்."

"உங்களுக்கு வைல்னா என்னங்க அர்த்தம்?"

"கேள்வி கேக்குறது நான்" என்றார். ஆனாலும் பதில் சொன்னார். "வைல்னா வைல்தான். கடை அஞ்சு மணி வைல் திறந்திருக்கும். வேற என்ன?"

நான் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கச் சொன்னேன். அவர் எழுந்து, எரிந்துகொண்டிருக்கும் காலம் முழுவதும் என்ற பொருளில்தான் தாம் சொன்னதாகச் சொன்னார்.

"அப்படி யாரு பேசுவா?" என்றார் அதிகாரி.

"மன்னிக்கணும்" என்றார் மொழிபெயர்ப்பாளர் மிகவும் பணிவாக. "நாட்டில் மீதி எல்லாரும்."

அதிகாரி ஒரு தாளில் இரண்டு வாக்கியங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்ப்பது தெரிந்தது. கசாப்புக்கடைக்காரர் உதட்டை அசைத்துத் தனக்குள் சொல்லிப் பார்த்தார். முதலில் ஒரு விதமாக, பிறகு மற்ற விதமாக. அவர் முகம் மாறிய நேரத்தை நான் பார்த்தேன். தாக்ரே இரண்டு கையையும் தொடைமேல் வைத்து, நங்கூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சரியாத்தான சொன்னேன்" என்றார், யாரிடமும் இல்லாமல். "எங்கப்பாவும் அப்படித்தான் சொல்லுவாரு."

அந்த எந்திரத்துக்கு ஆங்கிலத்தில் எழுதிய அறிவிப்பு எதுவும் கிடையாதா என்று ஆலைத் தரப்பிடம் அதிகாரி கேட்டார். கிடையாது. எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் எழுதவில்லை.

மூன்று மணிக்கு நடுவர்கள் தாளை வாசித்தார்கள். இறந்தவர் தமக்குக் கொடுக்கப்பட்ட எழுத்து மூலமான அறிவிப்பை அப்படியே பின்பற்றியதால் இறந்தார். அந்த அறிவிப்பு தவறானது. அவர்மேல் குற்றம் இல்லை. மொழிபெயர்ப்பாளர் சொல்லச் சொல்ல லிகிதா கண்ணை மூடிக் கேட்டாள். என்மேல் வழக்கு எதுவும் இல்லை. இனிமேல் கவனமாக இருக்கும்படி அதிகாரி சொன்னார், தேர்வு மேற்பார்வையாளர் சொல்வதுபோல. அந்த அறிவிப்பைப் பற்றி யாராவது முன்னாலேயே சந்தேகம் கேட்டார்களா என்று அவர் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு அந்த அறையில் பதில் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

கீழே வண்டிகள் நிறுத்துமிடத்தில் தாக்ரே எங்களைக் கடந்து போனார். போனவர் திரும்பி வந்து, லிகிதாவிடம் ஏதோ முணுமுணுத்தார்.

"என்ன சொல்லுதாரு?"

"மன்னிப்பு கேக்குறாரு. கண்ணுன்னு சொன்னாரு. அது இங்க எல்லாரையும் சொல்றதுதான்."

அவள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எங்கப்பா ஒரு ஆணி அடிக்கணும்னாலும் ரெண்டு பேருகிட்ட கேட்டுட்டுத்தான் அடிப்பாரு. இது மிஷினு. ஒங்கிட்ட கேக்கலியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். கொட்டகைக்குப் பின்னால் அன்று இரண்டே பேர்தான் இருந்தோம், அதில் ஒருவர் புலுங்கேயில் மண்ணுக்குள் இருந்தார்.

"கேட்டாரு."

"என்னன்னு?"

"எரியுற வரைக்குமா, எரிய ஆரம்பிக்கிற வரைக்குமான்னு. ரெண்டு தடவ."

"சரியாத்தான் கேட்டிருக்காரு."

"சரியாத்தான் கேட்டாரு."

"நீ என்ன செஞ்ச?"

"சிரிச்சேன். அவரு குவோல்னு சொன்னத அட்டையில எழுதிக்கிட்டேன்."

அவள் என்னை அடித்திருந்தால் அந்தக் கதை அங்கே முடிந்திருக்கும். அவள் பையைத் திறந்து, தீர்ப்புத் தாள் இருந்த உறையை எடுத்து, தாளை வெளியே உருவிக்கொண்டு, வெற்று உறையை என்னிடம் நீட்டினாள்.

"எழுது."

"என்னத்த?"

"அம்மாவுக்கு. இங்கிலீஷ் தாள அவ என்ன செய்வா, சுவத்துல மாட்டுவாளா? எங்க பேச்சுல எழுது. ஒங்க பேப்பர் பாஷை வேண்டாம்."

"எனக்கு ஜெமைதியாப் பேச்சு எழுத வராதுங்க. ஆராய்ச்சிதான்..."

"ஒம் பெட்டியில எத்தன சொல்லு இருக்கு?"

"முந்நூத்திப் பதினாலு."

"இதுக்குப் பத்து போதும்."

யாருடைய காரோ ஒன்று பக்கத்தில் நின்றது. அதன் முன்மூடியில் உறையை வைத்தேன். குளிரில் பேனா இரண்டு தடவை எழுத மறுத்தது. அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒலிக்குறிகள் எல்லாம் போட்டு, சுழிக்கு மேலே புள்ளிகூட வைத்து எழுதினேன்.

"'லியுத்விகாஸ் கேட்டாரு'ன்னு எழுது."

எழுதினேன்.

"'ரெண்டு தடவ கேட்டாரு.' ரெண்டு தடவதான?"

"ரெண்டு தடவதான்."

"எழுது. 'கூட இருந்த படிச்ச பையன் சிரிச்சான்.'"

எழுதினேன். அவள் குனிந்து விரலை ஓட்டி வாசித்தாள். கடைசிச் சொல்லில் விரல் நின்றது.

"சிரிச்சான் இல்ல. அது சந்தோசத்துல சிரிக்குதது. இதுக்கு எங்க ஊருல வேற சொல்லு."

அந்தச் சொல்லைச் சொன்னாள். என் பெட்டியில் அது இல்லை. பழையதை அடித்துவிட்டு, மேலே எழுதினேன்: இளிச்சான்.

கீழே கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டேன். இப்போது சத்தமாக வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். "தப்பு" என்று சொல்லி, உதட்டை எப்படிக் குவிக்க வேண்டும் என்று காட்டினாள். மறுபடி வாசித்தேன். விமான நிலையப் பேருந்துக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. அது வரும்வரை வாசிக்கவைத்தாள்.